மேனுவல் ஃபிஷ்ஐயா, ஆட்டோஃபோகஸா: பாய்ந்து வரும் ஆளைப் படமெடுக்க எது சரி?

ஸ்கேட்போர்டு, பிஎம்எக்ஸ் சைக்கிள், பார்க்கூர் என்று வேகமான விஷயங்களைப் படமெடுக்கத் தொடங்குகிறவர்கள் கொஞ்ச நாளில் ஃபிஷ்ஐ லென்ஸ் (ஏறக்குறைய 180 டிகிரி காட்சியையும் வளைத்து ஒரே படத்தில் அடக்கும் லென்ஸ்) பக்கம் வந்து நிற்பார்கள். அடுத்து எல்லோருக்கும் ஒரே குழப்பம்தான். மேனுவல் ஃபிஷ்ஐ விலை குறைவு, கைக்கு அடக்கம், படமும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்து போகிற ஆளுக்குக் கையால் ஃபோகஸ் வைப்பது நடக்கிற காரியமா? பேசாமல் காசு சேர்த்து ஆட்டோஃபோகஸ் லென்ஸே வாங்கிவிடலாமா? இல்லை, ஃபிஷ்ஐயே வேண்டாம், கோடுகளை வளைக்காத அகலக் கோண லென்ஸான ஒரு சாதாரண அல்ட்ரா-வைட் போதுமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபோகஸைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. ஃபிஷ்ஐயில் ஆக்‌ஷன் படத்தைக் கெடுப்பது ஃபோகஸைவிட அதிகமாக வெளிச்சமும் தூரமும்தான். இந்த இரண்டும் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் மேனுவல் லென்ஸ் தாராளமாகப் போதும். சில நேரங்களில் ஆட்டோஃபோகஸைவிட அதுவே மேல். இரண்டில் ஒன்று கையை மீறிப் போகிற இடத்தில்தான் கூடுதல் காசுக்கு அர்த்தம் வருகிறது.

## எதையெல்லாம் பார்த்து முடிவெடுப்பது

லென்ஸ் பெயர்களுக்குப் போவதற்கு முன் உங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டியவை இவை:

- சம்பவம் எந்த இடத்தில் நடக்கும் என்று முன்கூட்டியே தெரியுமா? படிக்கட்டிலிருந்து குதிப்பவர் எங்கே இறங்குவார் என்று தெரியும். கூட்டத்துக்குள் ஆடிக்கொண்டிருப்பவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாது.
- அபெர்ச்சரை (லென்ஸின் துவாரம், எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) எஃப் 5.6-ல் வைத்து ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் வேகமாக எடுக்கிற அளவு வெளிச்சம் இருக்குமா?
- கேமராவின் சென்சார் எந்த அளவு? ஃபுல்ஃபிரேம் பெரியது, ஏபிஎஸ்-சி அதைவிடச் சிறியது, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் இன்னும் சிறியது. மூன்றுக்கும் பதில் வேறுவேறு.
- ஆளுக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியும்? ஒரு மீட்டருக்குள் போக முடியாது என்றால் ஃபிஷ்ஐ பேச்சே தேவையில்லை.
- முன்கண்ணாடி அடிபட்டால் தாங்கிக்கொள்வீர்களா?
- உங்கள் கேமரா உடல் அந்த லென்ஸோடு ஒத்துப்போகுமா? இதைத்தான் பலர் வாங்கிய பிறகு யோசிக்கிறார்கள்.

## ஃபோகஸ் கணக்கு என்ன சொல்கிறது

ஃபோகஸ் வளையத்தை ஒரு குறிப்பிட்ட தூரத்தில் நிறுத்திவிட்டால், அந்தத் தூரத்தின் பாதியிலிருந்து முடிவிலி வரை எல்லாமே போதுமான தெளிவோடு விழும். அந்தத் தூரத்தை ஹைப்பர்ஃபோக்கல் தூரம் என்பார்கள். குவியத் தூரத்தை (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) அதாலேயே பெருக்கி, அபெர்ச்சர் எண்ணாலும் எவ்வளவு மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற அளவாலும் வகுத்தால் அது கிடைக்கும். குவியத் தூரம் இரண்டு தடவை பெருக்கப்படுவதால் அது குறையக் குறைய ஹைப்பர்ஃபோக்கல் தூரம் படுவேகமாகச் சுருங்குகிறது. ஃபிஷ்ஐயின் பெரிய பலமே இதில்தான் இருக்கிறது.

ஏபிஎஸ்-சிக்கு 0.02 மி.மீ., ஃபுல்ஃபிரேமுக்கு 0.03 மி.மீ. வரை மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக் கணக்குப் போட்டால்:

| லென்ஸ், சென்சார் | அபெர்ச்சர் | வளையத்தை நிறுத்த வேண்டிய தூரம் | தெளிவு தொடங்கும் இடம் |
|---|---|---|---|
| 8 மி.மீ., ஏபிஎஸ்-சி | எஃப் 3.5 | 92 செ.மீ. | 46 செ.மீ. |
| 8 மி.மீ., ஏபிஎஸ்-சி | எஃப் 5.6 | 58 செ.மீ. | 29 செ.மீ. |
| 8 மி.மீ., ஏபிஎஸ்-சி | எஃப் 8 | 41 செ.மீ. | 20 செ.மீ. |
| 12 மி.மீ., ஃபுல்ஃபிரேம் | எஃப் 2.8 | 1.73 மீ. | 86 செ.மீ. |
| 12 மி.மீ., ஃபுல்ஃபிரேம் | எஃப் 5.6 | 87 செ.மீ. | 43 செ.மீ. |
| 15 மி.மீ., ஃபுல்ஃபிரேம் | எஃப் 2.8 | 2.69 மீ. | 1.35 மீ. |
| 15 மி.மீ., ஃபுல்ஃபிரேம் | எஃப் 8 | 95 செ.மீ. | 48 செ.மீ. |

இரண்டாவது வரியைப் பாருங்கள். 8 மி.மீ. லென்ஸை எஃப் 5.6-ல் வைத்து வளையத்தை அறுபது சென்டிமீட்டர் பக்கம் நிறுத்திவிட்டால், முப்பது சென்டிமீட்டரில் தொடங்கி அடிவானம் வரை எல்லாம் தெளிவு. அதற்குப் பிறகு ஃபோகஸைத் தொட வேண்டியதே இல்லை. அங்கே ஆட்டோஃபோகஸுக்கு வேலை என்ன இருக்கிறது?

ஆனால் ஃபுல்ஃபிரேமில் 15 மி.மீ. லென்ஸை எஃப் 2.8-ல் திறந்து, ஆள் ஒரு மீட்டரில் இருக்கிறார் என்று வளையத்தை அங்கே நிறுத்தினால், சுமார் 73 சென்டிமீட்டரிலிருந்து 1.6 மீட்டர் வரைதான் தெளிவு. ஆள் ஓர் எட்டு முன்னே வந்தால் போச்சு. ஆக, கையால் ஃபோகஸ் முடியுமா முடியாதா என்பதை லென்ஸ் மட்டும் தீர்மானிப்பதில்லை. சென்சாரும் அபெர்ச்சரும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. இந்த அளவுகள் பழைய அச்சுப்பட வழக்கத்தை வைத்து வந்தவை. அதிக மெகாபிக்சல் சென்சாரில் எடுத்து முழு அளவில் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்கு இவை ரொம்பத் தளர்வான அளவுகளாகப் படும். அப்படிப் பார்க்கிறவராக இருந்தால் அபெர்ச்சரை இன்னும் ஒரு ஸ்டாப் (எஃப் 5.6-லிருந்து எஃப் 8-க்குப் போவதுபோல) மூடிக்கொள்ளுங்கள்.

## ஷட்டர் வேகத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்

வைட் லென்ஸில் அசைவு அவ்வளவாகத் தெரியாது, மெதுவான ஷட்டரே போதும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆள் தூரத்தில் இருக்கும்வரை அது சரிதான். ஆனால் ஃபிஷ்ஐயைத் தூரத்தில் வைத்து யாரும் எடுப்பதில்லையே.

நொடிக்கு ஐந்து மீட்டர், அதாவது மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் ஸ்கேட்போர்டில் குறுக்கே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி. அந்த நேரத்தில் அவர் ஐந்து மில்லிமீட்டர் நகர்கிறார். 8 மி.மீ. லென்ஸில் அவர் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் சென்சாரில் அந்த நகர்வு 0.02 மி.மீ. அரை மீட்டரில் இருந்தால் 0.08 மி.மீ. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் அது கிட்டத்தட்ட இருபது பிக்சல். அதே ஆளை 25 மீட்டர் தள்ளி நின்று 200 மி.மீ. டெலிஃபோட்டோவில் எடுத்தால் நகர்வு 0.04 மி.மீ.தான். அரை மீட்டரில் இருக்கிற ஃபிஷ்ஐ, டெலிஃபோட்டோவைவிட இரண்டு மடங்கு அசைவு காட்டுகிறது!

அதனால்தான் ஃபோகஸ் தப்பு என்று பழி போடப்படும் பல ஃபிஷ்ஐ படங்களில் உண்மையான குற்றவாளி ஷட்டராக இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். பக்கத்துச் சுவரும் தரையும் தெளிவாக இருந்து, சக்கரமும் காலணியும் மட்டும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது அசைவு. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி மசமசப்பாக இருந்தால்தான் ஃபோகஸ். இந்த வித்தியாசம் தெரியாமல் ஆட்டோஃபோகஸ் லென்ஸுக்கு மாறினால் அதே மங்கல் படத்தை அதிக விலைக்கு எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

பக்கத்தில் போகும்போது இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்காதீர்கள். ஆள் உங்களை நோக்கி வரும்போது நகர்வு குறையும். குதிப்பின் உச்சியில் மேலும் கீழுமான அசைவு ஒரு கணம் நின்றுபோகும். அந்தக் கணத்துக்குக் காத்திருப்பது எந்த லென்ஸுக்கும் பொருந்தும்.

தொடர் ஷாட்டை நம்பி உட்காரவும் முடியாது. நொடிக்குப் பத்துப் படம் எடுத்தாலும் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் அந்த ஆள் அரை மீட்டர் போய்விடுகிறார். ஃபிஷ்ஐக்கு முன்னால் அரை மீட்டர் என்றால் படமே வேறு. ஒரே ஒரு ஃபிரேம்தான் சரியாக விழும். அதை விரல்தான் பிடிக்க வேண்டும்.

## முதல் வழி: மேனுவல் ஃபிஷ்ஐ

அதிகம் புழங்குவது சம்யாங் 8 மி.மீ. எஃப் 3.5, ஏபிஎஸ்-சிக்கு. ரோகினான், பவர், வாலிமெக்ஸ் என்று பல பெயர்களில் விற்கப்படுவதும் இதே லென்ஸ்தான். ஃபுல்ஃபிரேமுக்கு சம்யாங் 12 மி.மீ. எஃப் 2.8. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 7.5 மி.மீ. எஃப் 3.5. இது இருநூறு கிராம்கூட இருக்காது, ஒன்பது சென்டிமீட்டர் வரை பக்கத்தில் ஃபோகஸ் ஆகும். டிடி ஆர்டிசன், 7 ஆர்டிசன்ஸ் நிறுவனங்களும் மிரர்லெஸ் கேமராக்களுக்கு (டிஎஸ்எல்ஆருக்குள் இருக்கும் கண்ணாடி இவற்றில் இல்லை) இந்த வகை லென்ஸ்களைக் கொடுக்கின்றன.

இதன் முதல் பலம், ஷட்டரை அழுத்தியதும் கேமரா யோசிக்காது. ஃபோகஸ் கிடைத்ததா என்று காத்திருக்காது, பின்னால் இருக்கிற சுவருக்குத் தாவாது. ஆக்‌ஷன் படங்களில் பாதி, கேமராவைக் கண்ணில் வைக்காமல் தரையோடு தரையாகக் கையை நீட்டிப் பிடித்து எடுப்பவை. அந்த நிலையில் ஃபோகஸ் புள்ளியை நகர்த்த உங்களுக்குக் கை இருக்காது. வளையம் நிலையாக இருப்பது அப்போது பெரிய நிம்மதி.

இரண்டாவது பலத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சம்யாங்கின் 8, 12 மி.மீ. லென்ஸ்கள் ஸ்டீரியோகிராஃபிக் முறையில் படத்தை விரிக்கின்றன. பழைய ஃபிஷ்ஐ பலவற்றில் ஓரத்துக்குப் போகப் போக உருவங்கள் நசுங்கும். ஸ்டீரியோகிராஃபிக் முறையில் சின்ன உருவங்களின் வடிவம் ஓரத்திலும் ஓரளவு அப்படியே நிற்கும். மூலைக்கு நீளும் கை கையாகவே தெரியும். உடம்பை மையமாக வைத்த படங்களில் இது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். தூர அளவுகோல் பல லென்ஸ்களில் சரியாக இருப்பதில்லை. முடிவிலிக் குறி ஓரிடத்தில், உண்மையான முடிவிலி வேறோரிடத்தில். வாங்கியதும் லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பெரிதாக்கிப் பார்த்து நீங்களே குறித்துக்கொள்ள வேண்டும்.

கேமராவுக்குத் தகவல் அனுப்பும் சிப் இல்லாத லென்ஸ் என்றால் அபெர்ச்சர் எண் படத்தின் தகவலில் பதியாது. கேனான் டிஎஸ்எல்ஆரில் அபெர்ச்சர் வளையத்தைத் திருப்பியதும் வியூஃபைண்டரே இருட்டாகிவிடும். நிக்கானின் டி3000, டி5000 வரிசை உடல்களில் சிப் இல்லாத லென்ஸுக்கு வெளிச்சத்தை அளக்கும் மீட்டரே வேலை செய்யாது. அதனால் நிக்கானுக்குச் சிப் உள்ள ஏஇ வகையைக் கேட்டு வாங்குங்கள். மிரர்லெஸ்ஸில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பைத் திறக்காவிட்டால் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. உடலிலேயே ஸ்டெபிலைசேஷன் இருந்தால் குவியத் தூரத்தைக் கையால் பதிய வேண்டும், பதிய மறந்தால் அது தப்பாக ஈடுகட்டும்.

இது யாருக்கு மேல்? பகல் வெளிச்சத்தில், இடம் தெரிந்த சம்பவத்தை, ஏபிஎஸ்-சி அல்லது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எடுப்பவர்களுக்கு. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 400, எஃப் 5.6 என்றால் மூவாயிரத்தில் ஒரு பங்கு வரை ஷட்டர் கிடைக்கும். அதற்கு மேல் என்ன வேண்டும்? ஃபிளாஷ் வைத்து எடுப்பவர்களுக்கும் இதுதான். வெளிச்சத்தை அவர்களே கொண்டுவருவதால் எஃப் 8-க்குத் தாராளமாக மூடிக்கொள்ளலாம். ஆனால் கேமரா மேலே மாட்டிய ஃபிளாஷ் 180 டிகிரியையும் நிரப்பாது. அதைக் கழற்றிப் பக்கவாட்டில் ஸ்டாண்டில் வைக்க வேண்டும், அதுவும் ஃபிரேமுக்குள் விழாத இடத்தில்.

## இரண்டாவது வழி: ஆட்டோஃபோகஸ் ஃபிஷ்ஐ

கேனான் 8-15 மி.மீ. எஃப் 4 எல், நிக்கான் 8-15 மி.மீ. எஃப் 3.5-4.5, டோக்கினா 10-17 மி.மீ., ஒலிம்பஸின் 8 மி.மீ. எஃப் 1.8, இவையெல்லாம் இந்த வகை. சிக்மா 2024-ல் ஃபுல்ஃபிரேம் மிரர்லெஸ்ஸுக்கு 15 மி.மீ. எஃப் 1.4 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வெளிச்சம் அள்ளும், ஆனால் ஒரு கிலோவுக்கும் மேல் எடை. வானத்து நட்சத்திரங்களை எடுப்பவர்களை மனதில் வைத்துச் செய்தது அது. கையை நீட்டித் தரையோடு பிடித்து எடுக்கிற வேலைக்கு ஒத்துவராது.

உள்ளரங்கில்தான் இந்த வகை தன் விலையை நியாயப்படுத்துகிறது. மங்கலான கூடத்தில் எஃப் 2.8-ல் ஐஎஸ்ஓ 3200 போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ் ஆழத்துக்காக எஃப் 5.6-க்கு மூடினால் அதே ஷட்டருக்கு 12,800 வேண்டும். படம் மணல் கொட்டியது போலாகிவிடும். அபெர்ச்சரைத் திறந்தே வைத்தால் ஃபுல்ஃபிரேமில் தெளிவு நிற்கும் இடைவெளி சுருங்குகிறது. ஆளும் எந்தப் பக்கம் வருவார் என்று தெரியவில்லை. அங்கே முகத்தைக் கண்டுபிடித்துப் பின்தொடரும் மிரர்லெஸ் ஆட்டோஃபோகஸ் உண்மையாகவே காப்பாற்றும்.

ஆனால் பெயரில் ஏஎஃப் என்று இருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நிக்கானின் 10.5 மி.மீ. எஃப் 2.8, 16 மி.மீ. எஃப் 2.8 டி இரண்டும் அருமையான லென்ஸ்கள், செகண்ட்ஹேண்டில் கிடைப்பவை. ஆனால் இரண்டுக்கும் உள்ளே மோட்டார் கிடையாது, கேமரா உடலின் மோட்டார்தான் திருப்ப வேண்டும். சிறிய நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் அந்த மோட்டார் இல்லை. இசட் வரிசை மிரர்லெஸ்ஸில் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக மாட்டினாலும் இல்லை. ஆட்டோஃபோகஸுக்குக் காசு கொடுத்து, கடைசியில் கையால் திருப்பிக்கொண்டிருக்க நேரும். கேனான் பக்கம் இந்தத் தொல்லை இல்லை. டிஎஸ்எல்ஆருக்கான ஈஎஃப் ஃபிஷ்ஐ லென்ஸ்கள் மிரர்லெஸ் ஆர்எஃப் உடல்களில் அடாப்டரோடு ஆட்டோஃபோகஸ் செய்கின்றன.

சென்சாரும் பொருந்த வேண்டும். ஃபுல்ஃபிரேமுக்கான 15 மி.மீ. ஃபிஷ்ஐயை ஏபிஎஸ்-சி உடலில் மாட்டினால் மூலைக்கு மூலை 180 டிகிரி வராது, சுமார் 110 டிகிரிதான் வரும். வளைவு மட்டும் மிஞ்சும், அகலம் போய்விடும்.

இன்னொரு செலவு, பயம். ஃபிஷ்ஐயின் முன்கண்ணாடி வெளியே புடைத்துக்கொண்டு நிற்கிறது. பெரும்பாலானவற்றில் முன்னால் பாதுகாப்பு ஃபில்டர் மாட்ட வழியே இல்லை. நல்ல படம் முப்பது சென்டிமீட்டரில் இருக்கிறது, பலகையும் பெடலும் பறந்து வருவதும் அதே இடத்துக்குத்தான். விலையுயர்ந்த லென்ஸ் கையில் இருக்கும்போது நம்மை அறியாமலே அரை மீட்டர் பின்வாங்குவோம். அந்த அரை மீட்டரில் படம் செத்துவிடுகிறது. மேனுவல் லென்ஸ் வைத்திருப்பவர் துணிந்து முன்னே போகிறார். வேறு எதற்காகவும் இல்லை என்றாலும், இந்த ஒன்றுக்காக நான் மேனுவல் பக்கம் சாய்வேன்.

## மூன்றாவது வழி: ஆட்டோஃபோகஸ் உள்ள அல்ட்ரா-வைட்

ஏபிஎஸ்-சியில் 10 மி.மீ., ஃபுல்ஃபிரேமில் 16 மி.மீ. பக்கம் தொடங்கும் ஜூம் லென்ஸ்கள். நேர்கோட்டை நேராகவே காட்டுபவை. மூலைக்கு மூலை சுமார் 108 டிகிரி கிடைக்கும்.

ஃபிஷ்ஐயோடு ஒப்பிட்டால் இதன் பெரிய லாபம், தினமும் பயன்படும் லென்ஸ் இது. கட்டடம், நிலக்காட்சி, கூட்டம் எல்லாவற்றுக்கும் ஆகும். மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் ஜூம் பண்ணி ஆளைப் பெரிதாக்கலாம். 8 மி.மீ. ஃபிஷ்ஐயில் அதே மூன்று மீட்டரில் நிற்கிற முழு மனிதர் ஃபிரேமின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வரமாட்டார்.

நஷ்டம் மூலைகளில். கோட்டை நேராக்குவதற்கு விலையாக உருவத்தை இழுக்கிறது. மையத்திலிருந்து ஐம்பது டிகிரி தள்ளி ஒரு தலை இருந்தால், அகலத்தைவிட நீளம் ஒன்றரை மடங்கு அதிகமாக, மூலையை நோக்கி நீண்டு தெரியும். ஓரத்தில் கால் நீட்டிக் குதிப்பவரின் முழங்கால் ரப்பர் மாதிரி இழுபடும். ஃபிஷ்ஐயில் கட்டடம் வளையும், ஆள் ஆளாக இருப்பார். அல்ட்ரா-வைட்டில் கட்டடம் நேராக இருக்கும், ஆள் இழுபடுவார். உங்கள் படத்தில் எது முக்கியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிஷ்ஐயில் எடுத்து மென்பொருளில் நேராக்கிக்கொள்ளலாமே என்பார்கள். முடியும். ஆனால் ஓரங்கள் வெட்டுப்படும், மூலைகள் இழுபட்டு மங்கும். எப்போதாவது ஒரு படத்துக்குச் சரி. ஒவ்வொரு படத்துக்கும் அதைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் நேராக இந்த மூன்றாவது வழிக்கே வந்துவிடுங்கள்.

## நான்காவது வழி: ஆக்‌ஷன் கேமரா

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கோப்ரோ போன்றவை ஹெல்மெட்டிலும் கைப்பிடியிலும் தண்ணீருக்குள்ளும் போகும், எந்த லென்ஸும் போகாத இடம். பெரும்பாலானவற்றில் ஃபோகஸ் நிலையாக வைக்கப்பட்டிருக்கும். ஆக்‌ஷனுக்காகவே செய்த கருவியில் ஆட்டோஃபோகஸே வைக்கவில்லை என்பது, மேலே போட்ட கணக்கைத்தான் உறுதிப்படுத்துகிறது. ஆனால் சென்சார் சின்னது. வெளிச்சம் குறைந்தால் படம் சட்டென்று சரியும். படத்தை வரிவரியாகப் பதியும் எலக்ட்ரானிக் ஷட்டர் என்பதால் பக்கத்தில் வேகமாகப் போகும் சக்கரம் படத்தில் சாய்ந்து விழும். ஃபிளாஷ் கிடையாது. வீடியோதான் முதல் தேவை, நிற்கிற படம் இரண்டாவது என்றால் எடுங்கள்.

மிரர்லெஸ்காரர்களுக்கும் இந்தச் சாய்வுப் பிரச்சினை உண்டு. சத்தம் வராமல் எடுக்கும் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கலுக்கு மாறிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வளைந்திருக்கிற படத்தில் சாய்வும் சேர்ந்தால் எதனால் என்றே தெரியாத ஒரு கோணல் வந்து நிற்கும்.

## ஒரே பார்வையில்

| | மேனுவல் ஃபிஷ்ஐ | ஆட்டோஃபோகஸ் ஃபிஷ்ஐ | அல்ட்ரா-வைட் | ஆக்‌ஷன் கேமரா |
|---|---|---|---|---|
| இடம் தெரிந்த சம்பவம், பகல் | மிக நன்று | நன்று, ஆனால் கூடுதல் செலவு | நன்று | பரவாயில்லை |
| இடம் தெரியாத சம்பவம் | எஃப் 5.6 கிடைத்தால் சரி | மிக நன்று | நன்று | சரி |
| மங்கலான உள்ளரங்கு | சிறிய சென்சாரில் ஓரளவு, ஃபுல்ஃபிரேமில் கஷ்டம் | நன்று | எஃப் 2.8 என்றால் நன்று | வேண்டாம் |
| ஃபிளாஷோடு | மிக நன்று | மிக நன்று | மிக நன்று | முடியாது |
| ஒரு மீட்டருக்கு அப்பால் | வேண்டாம் | வேண்டாம் | நன்று | வேண்டாம் |
| மறைந்த செலவு | அளவுகோல் பிழை, மீட்டர், பதியாத தகவல் | உடல் மோட்டார், சென்சார் பொருத்தம், அடிபடும் பயம் | மூலை இழுப்பு | படத் தரம் |
| மற்ற நாட்களில் பயன் | குறைவு | குறைவு, 8-15 ஜூம் என்றால் கொஞ்சம் கூட | அதிகம் | வீடியோ |

## எந்த நிலையில் எது

ஏபிஎஸ்-சி கேமரா வைத்துக்கொண்டு, வெளியில் ஸ்கேட்போர்டோ சைக்கிளோ எடுக்கிறவர் தயங்கவே வேண்டாம், மேனுவல் 8 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 7.5. மிச்சமாகும் காசில் ஒரு ஃபிளாஷும் ஸ்டாண்டும் ரிமோட்டும் வாங்குங்கள். ஆட்டோஃபோகஸ் தருவதைவிட அவை படத்தை அதிகம் மாற்றும்.

ஃபுல்ஃபிரேம்காரர்களுக்குக் கொஞ்சம் யோசனை தேவை. பகலில் 12 மி.மீ. மேனுவல் எஃப் 8-ல் பிரமாதம். முப்பது சென்டிமீட்டரிலிருந்து தெளிவு கிடைக்கும். மாலையிலும் உள்ளரங்கிலும்தான் உங்கள் வேலை அதிகம் என்றால் ஆட்டோஃபோகஸ் ஃபிஷ்ஐயோ, எஃப் 2.8 அல்ட்ரா-வைட்டோ நல்லது.

நடனம், கல்யாண ஊர்வலம், போராட்டம் என்று ஆட்கள் எப்படி நகர்வார்கள் என்று தெரியாத இடங்களில் வேலை செய்பவர், ஃபிஷ்ஐயை இரண்டாவது லென்ஸாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். முதல் லென்ஸ் அல்ட்ரா-வைட்டாக இருக்கட்டும்.

விளையாட்டு மைதானத்தின் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டியவருக்கு இந்த நான்கில் எதுவும் வேண்டாம். உங்களுக்கு வேண்டியது டெலிஃபோட்டோ. கோல் கம்பத்துக்குப் பின்னால் ரிமோட்டில் கேமரா வைக்க அனுமதி கிடைத்தால் அது வேறு கதை. அங்கே மேனுவல் ஃபிஷ்ஐதான் முதல் தேர்வு.

## மேனுவல் என்று முடிவெடுத்தவர்களுக்கு

லென்ஸ் வந்ததும் முதல் வேலை, உண்மையான முடிவிலியைக் கண்டுபிடிப்பது. அபெர்ச்சரை முழுதும் திறந்து, தூரத்துக் கம்பத்தையோ விளக்கையோ லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். கூர்மையாகும் இடத்தில் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்து அளவுநாடாவை எடுத்து, சென்சாரிலிருந்து அறுபது சென்டிமீட்டரில் ஒரு புத்தகத்தை நிறுத்தி அதே மாதிரி இன்னொரு புள்ளி. கேமராவின் மேல்தட்டில் கோடு போட்ட சின்ன வட்டம் இருக்கும், சென்சார் இருக்கும் இடம் அதுதான். அங்கிருந்துதான் அளக்க வேண்டும். லென்ஸின் முன்னாலிருந்து அளந்தால் அந்த நீளம் முழுவதும் தப்பாகிவிடும்.

படமெடுக்கப் போகும்போது இரண்டாவது புள்ளியில் வளையத்தை வைத்து, அதன் மேல் துணி டேப் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள். தூக்கும்போதும் இறக்கும்போதும் வளையம் லேசாக நகர்வதுதான் மேனுவல் லென்ஸில் படங்கள் மொத்தமாகக் கெடுவதற்கு முக்கியக் காரணம். எஃப் 5.6, இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, ஆட்டோ ஐஎஸ்ஓ. உங்கள் உடலில் ஆட்டோ ஐஎஸ்ஓ இந்த லென்ஸோடு ஒத்துழைக்காவிட்டால் தரையைப் பார்த்து ஒரு தடவை அளந்து எண்ணைக் கையால் வைத்துவிடுங்கள். ஃபிரேமுக்குள் சூரியன் வந்து போகும்போது மீட்டர் தடுமாறுவதும் அப்போது நின்றுபோகும்.

அடிவானம் ஃபிரேமின் நடுவில் ஓடினால் நேராகவே இருக்கும். கேமராவைக் கீழே சாய்த்தால் அது உருண்டைபோல் மேலே வளையும், மேலே தூக்கினால் கிண்ணம்போல் குழியும். வளைவை எங்கே வேண்டும் என்று நீங்கள் தீர்மானியுங்கள். சரிவுப் பலகையின் விளிம்பை ஓரத்துக்குக் கொண்டுபோனால் அது இருப்பதைவிடச் செங்குத்தாகத் தெரியும். ஸ்கேட்போர்டுக்காரர்கள் ஃபிஷ்ஐயை விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, கட்டாயமாக ஒன்று. வியூஃபைண்டரில் ஆள் தூரத்தில் இருப்பதுபோல்தான் தெரியும். உண்மையில் அவர் உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் இருப்பார். முதல் ஓட்டத்துக்கு முன் அவரிடம் பேசி, எந்தக் கோட்டில் வருவார், தவறினால் எந்தப் பக்கம் குதித்து விலகுவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை படமெடுக்காமல் வெறும் கண்ணால் பாருங்கள். அப்புறம் உட்காருங்கள், மற்றொரு கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு.